ஹோட்டல் ரூமா, வில்லாவா?

வாசகர் கேள்விகள். பதில் சொல்பவர், சென்னை ஹோட்டல்களில் 20 வருடமும் ஈ.சி.ஆர். ரிசார்ட் ஒன்றில் 6 வருடமும் ஹவுஸ்கீப்பிங் பார்த்து ஓய்வு பெற்றவர்.

கேள்வி: மாமனாருக்கு 70 ஆகிறது. பீமரத சாந்தியை வீட்டிலேயே முடித்துவிட்டு, மறுநாள் குடும்பத்தோடு ஒரு ராத்திரி வெளியே தங்கலாம் என்று இருக்கிறோம். மாமனார், மாமியார், நாங்கள் இருவர், 11 வயதிலும் 6 வயதிலும் பிள்ளைகள், பெங்களூரிலிருந்து வரும் நாத்தனார், அவர் கணவர் என எட்டுப் பேர். தி.நகர் ஹோட்டல் ஒன்றில் ரூம் 6,000 ரூபாய் வீதம் மூன்று ரூம் பார்த்து வைத்திருக்கிறேன். என் கணவரோ, கோவளம் தாண்டி மூன்று படுக்கையறை, நீச்சல் குளத்தோடு ஒரு வில்லா 18,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது, இரண்டும் ஒரே விலைதானே என்கிறார். மாமியார் 'எனக்கு ஹோட்டலே போதும்மா' என்று சொல்லிவிட்டார். அவருக்கு முட்டி வலி உண்டு. எதை எடுப்பது?
வாசகி, நங்கநல்லூர்

பதில்: முதலில் உங்கள் வீட்டுக்காரரின் கணக்கைத் திருத்திவிடுகிறேன். இரண்டும் ஒரே விலை இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள ரூமுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். அதைத் தாண்டினால் 18. உங்கள் மூன்று ரூமுக்கும் சேர்த்து வரி 900 ரூபாய். வில்லாவை ஒரே யூனிட்டாக 18,000 ரூபாய்க்கு பில் போட்டால் வரி மட்டும் 3,240. போனில் விலை சொல்லும்போது 'பிளஸ் டாக்ஸ்' என்று கடைசியில் மெல்லிய குரலில் ஒரு வார்த்தை வரும். அது இதுதான். ஹோட்டல் பக்கத்திலும் ஒரு செலவு ஒளிந்திருக்கிறது. பெரிய பிள்ளைக்கு எக்ஸ்ட்ரா பெட் போட்டால் தனியாகக் காசு கேட்பார்கள். வாடகையில் காலை டிபன் உண்டா என்று இரண்டு இடத்திலும் கேளுங்கள். ஹோட்டல்காரர்கள் பாஷையில் சி.பி. என்றால் காலை டிபன் சேர்த்தி, எம்.ஏ.பி. என்றால் இன்னொரு வேளைச் சாப்பாடும் சேர்த்தி.

பணத்தை விடுங்கள். நான் பார்த்த இரண்டு பாட்டிகளைப் பற்றிச் சொல்கிறேன்.

முதல் பாட்டி, ஹோட்டலில். பேரன் காதுகுத்துக்கு வந்த குடும்பம், ஒரே மாடியில் நாலு ரூம். சாயங்காலம் ஆறு மணி இருக்கும். நாலு கதவும் சாத்தியிருந்தது. ஒன்றில் டி.வி., ஒன்றில் தூக்கம், ஒன்றில் குழந்தை அழுகை. பாட்டி மட்டும் லிஃப்ட் பக்கத்தில் பூச்சாடிக்கு அருகே போட்டிருந்த நாற்காலியில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். 'ஏதாவது வேணுமாம்மா' என்று கேட்டேன். 'ஒண்ணும் வேணாம். யாராவது வெளியில வருவாங்களான்னு பார்க்கிறேன்' என்றார். நான் தள்ளுவண்டியோடு அந்த மாடியை முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. யாரும் வரவில்லை.

இரண்டாவது பாட்டி, ரிசார்ட்டில். நல்ல பெரிய வில்லா, கூடத்தைச் சுற்றி ரூம்கள், வாசலில் ஊஞ்சல். ராத்திரி ஒரு மணி வரை சிரிப்புச் சத்தம், சீட்டாட்டம். காலை ஆறரைக்கு நான் துண்டு மாற்றப் போனால், அந்த அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சின்ன சிங்க்கில் பதினாலு டம்ளர் கழுவிக்கொண்டிருக்கிறார். மருமகள்கள் தூங்குகிறார்கள். பால் பாக்கெட், டிகாஷன் எல்லாம் வீட்டிலிருந்தே வந்திருக்கிறது. 'ரிசார்ட்டுக்கு வந்தும் இதானா?' என்றேன். 'வீட்ல சிங்க் இதைவிடப் பெரிசு' என்றார்.

உங்கள் மாமியார் 'ஹோட்டலே போதும்' என்று சொன்னது முட்டி வலியினாலா, அந்த டம்ளர்களை நினைத்தா? கேட்டுப் பாருங்கள். நீங்களாகக் கேட்டால்தான் சொல்வார்.

என்னைக் கேட்டால் உங்களுக்கு வில்லாதான். எட்டுப் பேர் ஒரே இடத்தில் உட்கார ஹோட்டலில் இருக்கிற ஒரே இடம் படுக்கை. பெங்களூரிலிருந்து நாத்தனார் வருவது அப்பாவோடு உட்கார்ந்து பேசத்தான். தனித்தனி ரூமில் பூட்டிக்கொள்ள அவர்கள் வீடே போதுமே. ஆனால் அடுப்பைப் பற்றவைக்கக் கூடாது என்பது என் நிபந்தனை. காலை காபியிலிருந்து ராத்திரி டிபன் வரை ரிசார்ட் கிச்சனிலிருந்தே வரட்டும். சமைக்கிற மாதிரி சாமான் எதுவும் கொண்டுபோகாதீர்கள், பிள்ளைகளின் நொறுக்குத் தீனி தவிர. கோவளத்துக்கு அந்தப் பக்கம் ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆப்பில் சாப்பாடு வரவழைத்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையும் வேண்டாம். கிச்சன் எத்தனை மணிக்கு மூடுவார்கள் என்று கேட்டு, எட்டரைக்கே ஆர்டர் சொல்லிவிடுங்கள்.

பணம் கட்டுவதற்கு முன்னால் போன் போட்டுப் பேசுங்கள். புக்கிங் ஏஜெண்டோடு இல்லை, ரிசார்ட் ரிசப்ஷனோடு. மாமியாருக்குக் கீழ்த்தளத்தில் படுக்கையறை உண்டா? மூன்று படுக்கையறை வில்லா பலவற்றில் இரண்டு அறை மாடியில்தான் இருக்கும், சில இடங்களில் மூன்றுமே. கார் வாசல் வரை வருமா, இல்லை ரிசப்ஷனில் இறங்கி பேட்டரி வண்டிக்குக் காத்திருக்க வேண்டுமா? பாத்ரூமுக்குள் இறங்கப் படி உண்டா? ஒரே ஒரு படியாக இருந்தாலும், ராத்திரி ரெண்டு மணிக்கு அரைத் தூக்கத்தில் அது தெரியாது. அப்புறம், கரண்ட் போனால் ஜெனரேட்டரில் ஏ.சி. ஓடுமா, வெறும் லைட்டும் ஃபேனும்தானா? இந்தக் கேள்வியைக் கேட்டவுடன் எதிர்முனையில் குரல் மாறும். பழைய ஆள் பேசுகிறார் என்று புரிந்துகொள்வார்கள்.

குளம். இதில் மட்டும் நான் கறார். வில்லாவோடு சேர்ந்த குளத்துக்கு லைஃப் கார்டு யாரும் இருக்க மாட்டார்கள். கூடத்துக் கண்ணாடிக் கதவைத் தள்ளினால் நேரே தண்ணீர். ஆறு வயதுப் பிள்ளையின் உயரம் சுமார் மூன்றே முக்கால் அடி. குளத்தின் ஆழம் பெரும்பாலும் நாலு அடி. அந்தக் கதவில் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் வேறு வில்லா பாருங்கள். கடலில் இறங்குவது பற்றிப் பேச்சே வேண்டாம். அந்தக் கரையில் இழுவை அதிகம். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களையே இழுத்துக்கொண்டு போயிருக்கிறது.

தேதியை மாற்ற முடிந்தால் சனிக்கிழமையை விட்டுவிட்டு ஞாயிறு ராத்திரி தங்குங்கள். வாடகை குறையும். பக்கத்துப் புல்வெளியில் யாருடைய கல்யாண ரிசப்ஷன் பாட்டுக்கச்சேரியும் அநேகமாக இருக்காது. ஒருநாள் பள்ளிக்கூடம் போனால் போகட்டும். ஆனால் போகிற வழியில் வடநெம்மேலியில் இருக்கும் முதலைப் பண்ணைக்குத் திங்கட்கிழமை விடுமுறை என்பதால், பிள்ளைகளுக்குக் காட்டுவதென்றால் ஞாயிறு காலையிலேயே இறங்கிப் பார்த்துவிட்டு, இரண்டு மணி செக்-இன்னுக்குப் போய்ச் சேருங்கள்.

கேள்வி: எங்களுக்கு நவம்பரில் முதல் கல்யாண நாள். இருவர் மட்டும்தான். ஈ.சி.ஆரில் சின்னக் குளத்தோடு தனி வில்லா எடுக்கலாமா, கடல் தெரியும் ஹோட்டல் ரூமா? உள்ளூர் ஆதார் காட்டினால் ரூம் கிடையாது என்கிறார்களே?
வாசகர், பெரம்பூர்

பதில்: நவம்பர் என்றால் ஹோட்டல். எங்கள் 25வது கல்யாண நாளுக்கு, ஸ்டாஃப் சலுகையில் நானும் என் வீட்டுக்காரரும் நான் வேலை பார்த்த ரிசார்ட்டிலேயே ஒரு வில்லா எடுத்தோம். வானம் பார்த்த பாத்ரூம். படத்தில் நிலா வெளிச்சமெல்லாம் போட்டிருப்பார்கள். நாங்கள் போன அன்று அடைமழை. மனிதர் ஒரு கையில் குடை, ஒரு கையில் சோப்போடு குளித்தார். மூலையில் ஒரு தவளை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. வெந்நீர் முழுக்க மழையிலேயே ஆறிப்போனது. அந்தச் சின்னக் குளமும் அப்படித்தான். இருவர் உட்காரலாம், நீந்த முடியாது. பக்கத்து வில்லா பால்கனியிலிருந்து பார்த்தால் தெரிகிற இடங்களும் உண்டு. பிப்ரவரியில் போங்கள், நானே சிபாரிசு செய்கிறேன்.

உள்ளூர்க்காரர்களுக்கு ரூம் இல்லை என்பது அந்தந்த ஹோட்டல் தானாக வைத்துக்கொண்ட விதி. புக் செய்கிற பக்கத்தில் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். முன்கூட்டியே போனில் 'நாங்கள் பெரம்பூர்தான்' என்று சொல்லி, சரி என்ற பதிலை வாட்ஸ்அப்பில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியோடு வாசலில் நிற்கும்போது பேச வேண்டிய பேச்சில்லை அது.

கேள்வி: டல்லாஸிலிருந்து என் அக்கா குடும்பம் 15ஆம் தேதி அதிகாலை 2 மணிக்கு விமானத்தில் இறங்குகிறது. நேரே மகாபலிபுரம் பக்கம் வில்லாவுக்கு அழைத்துப் போகட்டுமா? 15ஆம் தேதிக்கு புக் செய்திருக்கிறேன்.
வாசகி, அண்ணா நகர்

பதில்: 15ஆம் தேதி புக்கிங் என்றால் 15 மத்தியானம் இரண்டு மணிக்குத்தான் சாவி. அதிகாலையில் போனால் வாட்ச்மேன் மட்டும்தான் வரவேற்பார். மூன்று மணிக்கு எட்டுப் பெட்டியோடு வந்து ரிசப்ஷன் சோபாவில் காலை வரை தூங்கிய குடும்பங்களுக்கு நான் போர்வை கொடுத்திருக்கிறேன். அந்த அதிகாலையில் ரூம் வேண்டுமென்றால் 14ஆம் தேதி ராத்திரிக்கு புக் செய்ய வேண்டும், 'அதிகாலை மூன்றுக்குத்தான் வருவோம்' என்று குறிப்போடு. இல்லாவிட்டால் வரவில்லை என்று ரத்து செய்துவிடுவார்கள்.

14 ராத்திரிக்கு மீனம்பாக்கம், கிண்டி பக்கம் சாதாரண ஹோட்டலில் ரூம் போடுங்கள். நன்றாகத் தூங்கி எழுந்து, குளித்து, இட்லி சாப்பிட்டு, மத்தியானம் வில்லாவுக்குக் கிளம்பட்டும். அமெரிக்க பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் விவரத்தை ஹோட்டல் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். அதனால் பிள்ளைகளின் பாஸ்போர்ட், ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கானது) எல்லாம் அக்காவின் கைப்பையிலேயே மேலாக இருக்கட்டும். பெட்டியின் அடியில், முறுக்கு வாங்கிப்போக வைத்திருக்கும் காலி டின்களுக்குக் கீழே வேண்டாம்.