பணிப் பருவத்துக்குப் போகும் முன்னும் வந்த பின்னும்: நகரத் திட்டமிடல் மாணவர்களுக்கான கேள்வி பதில்

மேடம், கோ-ஆப்புக்கும் இன்டர்ன்ஷிப்புக்கும் என்ன வித்தியாசம்? இரண்டும் ஒன்றுதான் என்கிறார்கள் சீனியர்கள்.

கோ-ஆப் என்பது ‘கோ-ஆபரேட்டிவ் எஜுகேஷன்’ என்பதன் சுருக்கம். அதைத் தமிழில் ‘கூட்டுறவுக் கல்வி’ என்று எழுதினால் பலருக்கும் கூட்டுறவுச் சங்கம்தான் நினைவுக்கு வருகிறது. ஆகவே கோ-ஆப் என்றே வைத்துக்கொள்வோம். 1906-இல் அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் பொறியியல் மாணவர்களுக்காகத் தொடங்கிய முறை இது. படிப்புப் பருவமும் பணிப் பருவமும் மாறி மாறி வரும். பணிப் பருவம் பெரும்பாலும் 4 மாதம், சம்பளத்தோடு. மேலதிகாரியின் மதிப்பீடும் உங்கள் அறிக்கையும் தேறினால்தான் அது பட்டத்துக்குக் கணக்காகும். இன்டர்ன்ஷிப் பெரும்பாலும் ஒருமுறை போய்வருவதோடு முடிந்துவிடும். கோ-ஆப்பில் திரும்பத் திரும்பப் போகிறீர்கள் என்பதால், முதல் இடம் சுமாராக அமைந்தாலும் குடிமுழுகிப் போகாது.

வேலை அனுபவமே இல்லை. ரெஸ்யூமேயில் எதை எழுதுவது?

ஸ்டூடியோ வேலையை (வகுப்பில் குழுவாகச் செய்யும் திட்டப் பயிற்சியை) எழுதுங்கள், ஆனால் குழுவின் பெயரில் எழுதாதீர்கள். ‘நிலப்பயன்பாட்டு ஆய்வில் பங்கேற்றேன்’ என்ற வரி வகுப்பில் எல்லோருடைய ரெஸ்யூமேயிலும் இருக்கும். ‘நான்கு பேர் குழுவில் 200 மனைகளை நேரில் பார்த்துச் சரிபார்த்தேன், பழைய வரைபடத்தோடு ஒத்துவராத 31 மனைகளைக் காரணத்தோடு பட்டியலிட்டேன்’ என்று இருந்தால், படிப்பவருக்கு உங்களிடம் எந்த வேலையைக் கொடுக்கலாம் என்பது தெரிந்துவிடும். ஒரு பக்கம் போதும். பொழுதுபோக்கு, குறிக்கோள் வாசகம் இரண்டையும் வெட்டிவிடலாம்.

போர்ட்ஃபோலியோவில் (செய்த வேலைகளின் தொகுப்பில்) எத்தனை பக்கம் இருக்கலாம்? என்னிடம் 40 பக்கம் இருக்கிறது.

8 முதல் 10. முப்பரிமாணப் படங்களைக் குறைத்து, நீங்களே எழுதிய ஒரு பக்கக் குறிப்பு ஒன்றைச் சேருங்கள். இந்தத் தொழிலில் படம் வரைவதைவிட எழுதுவதுதான் அதிகம். மாணவர்கள் அதை நம்புவதே இல்லை.

அனுப்பும் முன் ஒன்றைச் சரிபாருங்கள். ஏ3 தாளில் 1:5000 என்று அச்சிட்ட வரைபடத்தை ஏ4-க்குச் சுருக்கினால் அதன் அளவு விகிதம் ஏறத்தாழ 1:7070 ஆகிவிடும். ஒரு செ.மீ.க்கு 50 மீட்டர் என்றிருந்தது 71 மீட்டராகிவிட்டது, மூலையில் மட்டும் இன்னும் 1:5000 என்றே இருக்கும். ஸ்கேல் எடுத்து அளந்து பார்க்கிற ஆள் எதிரே உட்கார்ந்திருந்தால் அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள். விகிதத்தை எடுத்துவிட்டு அளவுகோல் பட்டையை (தூரத்தைக் காட்டும் கோட்டை) மட்டும் வையுங்கள். படம் சுருங்கினால் பட்டையும் கூடவே சுருங்கும்.

நேர்முகத்தில் கணக்குக் கேட்பார்களா?

கேட்பார்கள், ஆனால் பெரிய கணக்கு இல்லை. ஒரு மாதிரி: 20 மீ. அகலம், 30 மீ. ஆழம் கொண்ட மனை. தளப்பரப்புக் குறியீடு (எல்லாத் தளங்களின் மொத்தப் பரப்பு மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு வரை போகலாம் என்ற வரம்பு) 2. மனையில் பாதிக்கு மேல் கட்டக்கூடாது. முன்னால் 6 மீ., பின்னாலும் இரு பக்கமும் தலா 3 மீ. விட வேண்டும். உயர வரம்பு 12 மீ., ஒரு தளத்துக்கு 3 மீ. எவ்வளவு கட்டலாம்?

‘600 சதுர மீட்டர் பெருக்கல் 2, ஆகவே 1200’ என்று சொன்னால் பாதி மதிப்பெண்தான். காலி இடம் போக மிஞ்சுவது 14-க்கு 21, அதாவது 294 ச.மீ. பாதி மனை என்ற வரம்பு 300, அதற்குள் அடங்கிவிட்டது. உயரம் 4 தளத்துக்குத்தான் இடம் தரும். 294-ஐ 4 ஆல் பெருக்கினால் 1176. குறியீடு அனுமதிக்கிற 1200-இல் 24 ச.மீ. கட்டவே முடியாது. எந்த விதி முதலில் கட்டிப்போடுகிறது என்பதைக் கண்டுபிடிக்கிறீர்களா என்றுதான் பார்க்கிறார்கள். ‘வாகன நிறுத்தம் தளப்பரப்பில் சேருமா?’ என்று நீங்கள் திருப்பிக் கேட்டால் இன்னும் நல்லது.

ஜி.ஐ.எஸ். (கணினி வரைபட மென்பொருள்) செய்முறைத் தேர்வில், பள்ளியைச் சுற்றி 500 மீட்டர் வட்டம் போடச் சொன்னார்கள். உலகம் முழுக்க நிரம்பிவிட்டது, மேடம்!

லேயர் (வரைபடத்தின் ஓர் அடுக்கு) டபிள்யூ.ஜி.எஸ். 84 என்ற அட்சரேகை, தீர்க்கரேகை ஆய அமைப்பில் இருந்திருக்கும். அதன் அலகு பாகை. நீங்கள் கொடுத்தது 500 மீட்டர் இல்லை, 500 பாகை. முதலில் அந்த இடத்துக்குரிய, மீட்டரில் அளக்கும் யூ.டி.எம். மண்டலத்துக்கு லேயரை மாற்றிப் புதிய கோப்பாகச் சேமித்து, அதன் பிறகு வட்டம் போடுங்கள். லேயரின் பண்புகளில் ஆய அமைப்பின் பெயரை மட்டும் மாற்றினால் ஆயத்தொலைகள் மாறாது, புள்ளி வேறெங்கோ போய் விழும். ஷேப்ஃபைல் (வரைபடத் தரவுக் கோப்பு வகை) கொடுக்கும்போது .எஸ்.ஹெச்.பி. ஒன்றை மட்டும் அனுப்பாதீர்கள்; .எஸ்.ஹெச்.எக்ஸ்., .டி.பி.எஃப்., .பி.ஆர்.ஜே. மூன்றும் கூடவே போக வேண்டும்.

நான் வழிகாட்டும் ஆசிரியர். பணிப் பருவம் முடித்து வருகிறவர்களின் அறிக்கை டைரி மாதிரி இருக்கிறது: ‘திங்கள் கூட்டத்துக்குப் போனேன், செவ்வாய் தரவு ஏற்றினேன்.’ எப்படி மாற்றுவது?

சார், ‘என்ன செய்தாய்’ என்று கேட்டால் டைரிதான் வரும். ‘ஒரே ஒரு முடிவை எடுத்துக்கொள்’ என்று சொல்லுங்கள். யார் எடுத்த முடிவு, எந்தத் தரவை வைத்து, நீ என்ன பரிந்துரைத்தாய், அதை ஏற்றார்களா, ஏற்காததற்கு என்ன காரணம் சொன்னார்கள், வகுப்பில் படித்தது எங்கே பொருந்தவில்லை. இந்தக் கேள்விகளை மாணவர் கிளம்பும் முன்பே கையில் கொடுத்துவிட வேண்டும். திரும்பி வந்த பிறகு கேட்டால் பாதி மறந்திருக்கும்.

இரண்டாவது வாரத்துக்குள் மூன்று கற்றல் இலக்குகளை எழுதி மேலதிகாரியிடம் ஒப்புதல் வாங்கச் சொல்லுங்கள். ‘திட்ட அனுமதி நடைமுறையைப் புரிந்துகொள்வது’ இலக்காகாது. ‘ஒரு விண்ணப்பத்தை முதலிலிருந்து கடைசிவரை தொடர்ந்து, அதன் படிகளை எழுதித் தருவது’ இலக்கு. நடுவில், ஏழு எட்டு வாரத்தில், ஒருமுறை நேரிலோ ஃபோனிலோ பேசிவிடுங்கள். கடைசி வாரத்தில் குறை தெரிந்து பயனில்லை.

இன்னும் ஒன்று: இன்னும் பொதுவில் வராத விண்ணப்பங்களின் விவரம் அறிக்கையில் நுழைந்துவிடும். சமர்ப்பிக்கும் முன் அலுவலகத்தின் சம்மதத்தை எழுத்தில் வாங்குவது கட்டாயம்.

ஆறு வாரமாக ஸ்கேன் எடுப்பதும் எக்செலில் ஏற்றுவதும்தான். கல்லூரியில் புகார் செய்யலாமா?

முதலில் மேலதிகாரியிடமே கேளுங்கள். ‘நல்ல வேலை கொடுங்கள்’ என்று கேட்டால் அவருக்கு யோசிக்கும் வேலை கூடும். ‘அடுத்த கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு வரட்டுமா? மக்கள் சொல்வதைக் குறிப்பெடுத்து, தலைப்புவாரியாகப் பிரித்து மறுநாளே தருகிறேன்’ என்று கேட்டால் மறுப்பது கஷ்டம். இரண்டு வாரத்தில் ஒன்றும் நகரவில்லை என்றால் வழிகாட்டியிடம் போங்கள். சம்பளம் வரவில்லை, பாதுகாப்பில்லாத களப்பணி, தொந்தரவு என்றால் மட்டும் இந்த வரிசையெல்லாம் வேண்டாம், அன்றைக்கே வழிகாட்டியை அழையுங்கள்.

அரசு அலுவலகமா, தனியார் ஆலோசனை நிறுவனமா?

இரண்டும், எந்த வரிசையிலும். ஒரு பக்கம் விண்ணப்பத்தைத் தயாரிப்பவர்கள், மறுபக்கம் அதைப் பரிசீலிப்பவர்கள். மூன்று பணிப் பருவத்தையும் ஒரே பக்கத்தில் கழித்துவிடாதீர்கள்.

ஆட்டோகேட் (வரைபடம் வரையும் மென்பொருள்) கட்டாயமா?

திறந்து, அளந்து, லேயரை அணைத்துப் பார்க்கத் தெரிந்தால் முதல் பருவத்துக்குப் போதும்.