வோட்டர் பம் பெட்டியில் இருந்த இரண்டு எழுத்து

கேள்வி: கிணற்றுக்கு வாங்கின வோட்டர் பம் பெட்டி முழுக்கச் சீன எழுத்து. சீன எழுத்தெல்லாம் படம்தான், பார்த்தாலே விளங்கும் என்று மகனின் வாத்தியார் சொன்னாராம். நானும் ஒரு மணித்தியாலம் பார்த்தேன், ஒன்றும் விளங்கவில்லை. போட்டோ அனுப்பியிருக்கிறேன். உண்மையில் அது படமா?
– ஒரு கமக்காரர், பரந்தன்

பதில்: ஒரு மணித்தியாலம் என்ன, ஒரு போகம் முழுக்கப் பார்த்தாலும் விளங்காது. வாத்தியார் சொன்னது மூவாயிரம் வருசத்துக்கு முந்திய நிலைமைக்கு ஓரளவு பொருந்தும், அதுவும் ஓரளவுதான்.

பெட்டியில் பெரிதாக இருக்கிற இரண்டு எழுத்தும் 'ஷுய் பெங்'. முதலாவது தண்ணீர், ஆரம்பத்தில் வளைந்தோடும் ஓடையும் இரண்டு பக்கமும் துளிகளுமாக இருந்தது. இரண்டாவதில் மேலே கல், கீழே திரும்பவும் தண்ணீர். கல்லுக்குக் கீழே தண்ணீர் என்றால் கிணறு என்றுதானே நினைப்போம்? இல்லை. 'பெங்' என்பது பம்ப் என்ற ஆங்கிலச் சொல்தான், அந்த ஓசையை இந்த எழுத்தில் ஏற்றிவிட்டார்கள்.

இப்போது கிடைக்கிற ஆகப் பழைய சீன எழுத்து, சீனாவின் ஷாங் வம்ச அரசர்கள் கி.மு. 1250 அளவில் அன்யாங் என்ற இடத்தில் ஆமை ஓட்டிலும் மாட்டு எலும்பிலும் கீறுவித்தது. மழை வருமா, விளைச்சல் எப்படி என்று குறி கேட்பார்கள், சூடு வைத்து வெடிப்பைப் பார்ப்பார்கள், கேள்வியைப் பக்கத்தில் வெட்டுவார்கள். மழையைப் பற்றிய கவலை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பிற்காலத்தில் இந்த எலும்புகள் மருந்துக் கடையில் 'டிராகன் எலும்பு' என்று விலைப்பட்டன. 1899இல் வாங் யிரோங் என்ற அறிஞர்தான் அதில் இருப்பது எழுத்து என்று கண்டுபிடித்தவர் என்பார்கள். மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்து வாங்கினபோது கண்டார் என்று ஒரு கதையும் உண்டு. நல்ல கதை, ஆனால் நான் நம்புவதில்லை. அந்த எலும்புகளில் சுமார் 4,500 வெவ்வேறு எழுத்து இருக்கிறது, மூன்றில் ஒரு பங்கைத்தான் நிச்சயமாக வாசிக்க முடிந்திருக்கிறது. பார்த்தாலே விளங்கும் என்றால் அறிஞர்கள் ஏன் இவ்வளவு பாடுபட வேண்டும்?

ஏனென்றால் எல்லாவற்றையும் படமாகக் கீற முடியாது. 'வா' என்பதை எப்படிக் கீறுவீர்கள்? அவர்கள் கோதுமைப் பயிரைக் கீறினார்கள், அந்தக் காலத்தில் இரண்டுக்கும் ஓசை ஒன்று. தமிழில் என்றால் நெல் அளக்கிற படியைக் கீறிவிட்டு 'புத்தகத்தைப் படி' என்று வாசிக்கிற மாதிரி. சரி, அளக்கிற படியா வாசிக்கிற படியா என்று குழம்புமே? பக்கத்தில் சின்னதாக ஒரு புத்தகம் கீறிவிட்டால் தீர்ந்தது. சீனர்கள் செய்ததும் இதைத்தான். 'ஹு' என்ற ஓசைக்கு ஒரு எழுத்து. அதன் பக்கத்தில் தண்ணீர்க் குறி போட்டால் ஏரி, அரிசிக் குறி போட்டால் பசை, பூச்சிக் குறி போட்டால் வண்ணத்துப்பூச்சி என்ற சொல்லில் வரும் 'ஹு'. இன்றைய எழுத்துகளில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் இப்படி ஒரு பக்கம் பொருள், மறுபக்கம் ஓசை. உச்சரிப்பு பிறகு மாறிப்போனதால், தண்ணீர் ஓடும் ஆறு என்பதன் ஓசைப் பாதி 'கெ' என்று நிற்க, சொல்லை 'ஹெ' என்கிறார்கள்.

வடிவம் மாறினது வேறு கதை. எலும்பில் கத்தியால் வட்டம் வெட்டுவது கரைச்சல், சூரியனே அங்கே சதுரமாகிவிட்டது. கி.மு. 221இல் சின் பேரரசன் நாடுகளை ஒன்றாக்கி எழுத்தையும் ஒன்றாக்கினான். ஆனால் அவசரமாக எழுதின கந்தோர்க் கிளாக்கர்மார்தான் வளைவுகளை நேர்க்கோடாக்கி இன்றைய முகத்தைக் கொடுத்தார்கள். எங்களுக்கு மறுவளம்: நேர்க்கோடு பனையோலையைக் கிழிக்கும் என்று எழுத்தை உருட்டினோம். வவுனியா பெரியபுளியங்குளம் குகையில் ஒரு தமிழ் வணிகனின் பெயர் பிராமி என்ற பழைய எழுத்தில் இருக்கிறது, போய்ப் பாருங்கள், அதுவும் உங்களுக்குச் சீனம் மாதிரித்தான் தெரியும். 1956இல் சீன அரசு எழுத்தை எளிமையாக்கியபோது பத்துக் கோட்டில் எழுதின குதிரை என்ற எழுத்து மூன்று கோடாகியது. நாலு கால் நாலு புள்ளியாக இருந்தது, இப்போது ஒரே கோடு. தாய்வானிலும் ஹொங்கொங்கிலும் குதிரைக்கு இன்னும் கால் இருக்கிறது.

கேள்வி: தமிழும் சீனமும் சேர்ந்த கல்வெட்டு இலங்கையில் உண்டா?
– உயர்தர மாணவி, முல்லைத்தீவு

பதில்: உண்டு. 1911இல் காலியில் கிடைத்தது, இப்போது கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது. செங் ஹ என்ற சீனக் கடற்படைத் தலைவரின் கப்பல்கள் கொண்டுவந்தது, 1409ஆம் ஆண்டுத் திகதி. சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தேனாவரை நாயனார் என்ற இந்துக் கடவுளுக்கும், பாரசீகத்தில் இஸ்லாம் சார்ந்தும் காணிக்கைப் பட்டியல். மூன்றும் ஏறக்குறைய ஒன்றுதான், ஆருக்கும் குறை வைக்காத கெட்டித்தனம்.

கேள்வி: இவ்வளவு எழுத்தையும் போனில் எப்படி அடிப்பார்கள்?
– அதே மாணவி

பதில்: 1958இல் அறிமுகமான பின்யின் முறைப்படி ஓசையை ஆங்கில எழுத்தில் அடித்தால் சீன எழுத்துகள் வரிசையாக வரும், வேண்டியதைத் தொட்டால் சரி. இதனால் கையால் எழுதும் பழக்கம் குறைந்து, 'பேனையை எடுத்தால் எழுத்து மறக்கும்' என்று அவர்களே ஒரு சொற்றொடர் வைத்திருக்கிறார்கள்.