மல்பெரித் தோட்டத்தை அடகு வைக்கும் முன்

பாலக்கோட்டுப் பக்கத்திலிருந்து போன ஞாயிற்றுக்கிழமை ஒரு குடும்பம், மகளின் மேற்படிப்புக்கு யோசனை கேட்டு, தர்மபுரிக்கு என்னைப் பார்க்க வந்தது. அப்பா, அம்மா, பிளஸ் டூ முடித்த மகள், கூடவே ஓசூரில் வேலை பார்க்கும் தாய்மாமன். ஒன்றரை ஏக்கர் மல்பெரி, ஒரு புழு வளர்ப்பு மனை. அதுதான் மொத்தச் சொத்து. பெண்ணுக்கு ஆடை விளம்பரப் படம் எடுக்க ஆசை. அதற்கென்றே பெங்களூரில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடப் படிப்பு இருக்கிறது, இடம் கிடைத்துவிட்டது, பதினைந்து நாளில் 50,000 ரூபாய் முன்பணம் கட்ட வேண்டும் என்றார் மாமன். அப்பா கேட்டது ஒன்றே ஒன்று: "கட்டிடலாமா சார்? ராத்திரி தூக்கமே வரல."

அன்று மாமன் முன்னால் எல்லாவற்றையும் பேச முடியவில்லை. இதே கேள்வியோடு இன்னும் இரண்டு மூன்று வீடுகள் இருப்பதால், அந்த அப்பாவுக்குச் சொல்ல வேண்டியதை இங்கேயே எழுதிவிடுகிறேன்.

அண்ணா, "பயப்படாதீங்க, நல்லபடியா நடக்கும்" என்று சொல்லி அன்று உங்களை அனுப்பி வைத்தேன். அந்த வார்த்தையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். நீங்கள் பயப்படுவது சரிதான். வருடம் நான்கு லட்சம் கட்டணம். ஹாஸ்டலும் சாப்பாடும் ஒன்றே கால் லட்சம். லேப்டாப், கேமரா, புராஜெக்ட் செலவு என்று இரண்டு லட்சம் தனி. நான்கு வருடத்துக்கு 23 லட்சம் ஆகிறது. அதில் 15 லட்சத்தை வங்கிக் கடனாக, பத்தரை சதவீத வட்டிக்கு, பத்து வருடத் தவணையில் எடுத்தால் மாதம் 20,000 ரூபாய்க்கு மேல் கட்ட வேண்டும். படிக்கிற காலத்தில் ஏறும் வட்டியை இதில் சேர்க்கவே இல்லை. மீதி எட்டு லட்சத்துக்குத் தோட்டத்தை அடகு வைப்பதாகச் சொன்னீர்கள். பட்டுக்கூட்டின் விலை ஒரு மாதம் ஏறி அடுத்த மாதம் இறங்கும் என்பது உங்களுக்குத் தெரியும். தவணை ஒரு மாதமும் இறங்காது.

சில வருடங்களுக்கு முன் இதே மாதிரி ஒரு பையனை இதே மாதிரி ஒரு கல்லூரிக்கு நானே அனுப்பி வைத்தேன். பெயர் வேண்டாம். பையன் கெட்டிக்காரன், எடிட்டிங் பிரமாதமாகச் செய்வான். இப்போது ஒரு மொபைல் கடையில் விற்பனையில் இருக்கிறான். அப்பா இன்னும் தவணை கட்டுகிறார். எந்த வீட்டைப் பற்றி யோசித்தாலும் எனக்கு முதலில் அவர் முகம்தான் நினைவுக்கு வருகிறது.

சரி, பணத்தை விடுவோம். உங்கள் மகளைப் பற்றிப் பேசுவோம். நீங்கள் டீ குடிக்கப் போன நேரத்தில் அவள் போனில் எடுத்த ஒரு படத்தை எனக்குக் காட்டினாள். இரண்டு நிமிடம்கூட இருக்காது. உங்கள் அம்மா தட்டில் இருந்து பழுத்த, அதாவது கூடு கட்டத் தயாரான, புழுக்களைப் பொறுக்கி, அவை கூடு கட்டும் சந்திரிகைத் தட்டில் விடுகிறார். விரலுக்கும் புழுவுக்கும் நடுவே ஒரு மெல்லிய இழை வெளிச்சத்தில் ஒரு நொடி மின்னி அறுகிறது. அடுத்த காட்சி டிவி திரையில் ஓடும் ஒரு பட்டுச்சேலை விளம்பரம். மணப்பெண், தோழிகள், மாமியார் எல்லோருக்கும் ஒரே சிவந்த தோல். மறுபடி பாட்டியின் கை. வசனம் இல்லை, பாட்டு இல்லை. புழு இலை தின்னும் சத்தம் மட்டும், ஓட்டுக் கூரையில் மழை பெய்வது போல.

படம் நன்றாக இருக்கிறது என்றேன். அவள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. "சார், அந்த விளம்பரத்துல இருக்கறது பட்டே இல்லைன்னு நினைக்கிறேன். மடிப்பு விழற விதம் வேற மாதிரி இருக்கு. எப்படிக் கண்டுபிடிக்கறது?" என்று கேட்டாள். இத்தனை வருடத்தில் விளம்பரப் படம் எடுக்க ஆசை என்று வந்த பிள்ளைகள் கேமரா பற்றிக் கேட்டிருக்கிறார்கள், சம்பளம் பற்றிக் கேட்டிருக்கிறார்கள், நடிகர்களைப் பார்க்கலாமா என்றுகூடக் கேட்டிருக்கிறார்கள். துணியைப் பற்றிக் கேட்டவள் இவள்தான்.

அந்தக் கேள்வி எவ்வளவு பெரியது என்று சொல்கிறேன். ஆடை விளம்பரங்கள் பத்து வருடமாக வேறு பாஷை பேச ஆரம்பித்துவிட்டன. 2015-ல் ஸ்வீடன் ஆடை நிறுவனமான எச் அண்ட் எம் ஒரு படம் வெளியிட்டது. ஹிஜாப் அணிந்த பெண், தலைப்பாகை கட்டிய சீக்கியர்கள், பருமனான பெண் என்று விதவிதமான ஆட்கள் வருவார்கள். யார் எப்படி வேண்டுமானாலும் உடுத்தலாம், பழைய துணியை மட்டும் மறுசுழற்சிக்குக் கொடுத்துவிடுங்கள் என்பதுதான் செய்தி. முகங்களைப் பொறுத்தவரை உண்மையிலேயே பெரிய மாற்றம். ஆனால் துணி? ஆடைக்குப் போகும் பொருளில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகத்தான் மறுபடி ஆடையாகிறது என்று மறுசுழற்சி பற்றி ஆராயும் எலன் மெக்ஆர்தர் அறக்கட்டளை 2017-ல் எழுதியது. ஆக, படத்தில் முகம் நிஜம், துணிக்கதை பாதி ஆசை.

நம் நாட்டிலும் அந்த 2015-லேயே ஆன்லைன் ஆடைக் கடையான மிந்த்ராவின் அனூக் பிராண்டு, சேர்ந்து வாழும் இரண்டு பெண்களை வைத்து விளம்பரம் எடுத்தது. 2021-ல் கல்யாண ஆடை நிறுவனமான மான்யவர் கன்னிகாதானத்தைக் கேள்வி கேட்டது, சண்டை வந்தது. அதே ஆண்டு தீபாவளித் துணிக்கு உருதுப் பெயர் வைத்ததற்காக ஃபேப்இந்தியா விளம்பரத்தையே திரும்பப் பெற்றது. எல்லாச் சண்டையும் யார் உடுத்துகிறார்கள், எந்தப் பெயரில் உடுத்துகிறார்கள் என்பதைப் பற்றித்தான். யார் நெய்தார்கள் என்று ஒரு சண்டையும் வரவில்லை. நிறம் குறைவாக இருப்பதைக் குறையாகக் காட்டக் கூடாது என்று விளம்பரத் துறை தனக்குத் தானே வைத்துக்கொண்ட கண்காணிப்பு அமைப்பான இந்திய விளம்பரத் தர கவுன்சில் 2014-லேயே விதி போட்டது. நம் ஜவுளிக்கடை விளம்பரங்கள் கறுத்த பெண்ணைக் குறையாகக் காட்டுவதில்லை. காட்டுவதே இல்லை.

இப்போது வேலை விஷயத்துக்கு வருகிறேன், மச்சானையும் படிக்கச் சொல்லுங்கள். "சுற்றுச்சூழலுக்கு உகந்தது" என்றெல்லாம் ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்யக் கூடாது என்று அதே கவுன்சிலின் விதி 2024 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமும் தன் பங்குக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. கைத்தறி என்று சொன்னாலும் கைத்தறிதான் என்று காட்ட வேண்டும். அதைக் காட்டத் தெரிந்தவர்கள் படம் எடுக்கிற கூட்டத்தில் குறைவு. ஷாட் வைக்கத் தெரிந்தவர்கள் ஊருக்கு நூறு பேர் இருக்கிறார்கள். நெடுக்கே ஓடும் பாவு நூல் எது, குறுக்கே ஓடும் ஊடை நூல் எது என்று தெரிந்தவரைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

ஆகவே நான் சொல்வது சேலம்.

சிரிக்காதீர்கள். சேலத்தில் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. 1960-ல் தொடங்கியது, மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கீழ் நடப்பது. காசியில் ஒன்று, குவாஹாத்தியில் ஒன்று என்று நாட்டில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஊர்களில்தான் இது உண்டு. அதில் ஒன்று உங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புகிற தூரத்தில் இருக்கிறது. நம் மாவட்டத்தில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று கேட்டால் எனக்கே வெட்கமாக இருக்கும். கைத்தறி மற்றும் ஜவுளித் தொழில்நுட்பத்தில் மூன்று வருட டிப்ளமோ. கட்டணம் அரசு நிறுவனத்துக் கட்டணம். மாணவர்களுக்கு உதவித்தொகையும் உண்டு. தொகை எவ்வளவு, யாருக்கு என்பதை அந்தந்த வருட அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். வயது வரம்பு இருக்கிறது, அதனால் அடுத்த வருடம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட வேண்டாம்.

அங்கே என்ன கற்றுக்கொடுப்பார்கள்? நூலில் ஆரம்பிப்பார்கள். நூல் எண் என்றால் என்ன, முறுக்கு கூடினால் துணி ஏன் மொடமொடக்கிறது, எந்த நூல் எந்தச் சாயத்தைக் குடிக்கும். சாயத் தொட்டியில் பட்டுக்கு ஒரு கணக்கு, பருத்திக்கு வேறு கணக்கு. பாவு ஓட்டுவது, அந்த இழைகளை விழுதுக் கண்ணிகளில் கோப்பது, ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடாவை எறிவது எல்லாம் கையால் செய்ய வேண்டும். ஒரு துணியை மேஜையில் விரித்து, சின்ன மடக்குக் கண்ணாடியை வைத்து, ஒரு அங்குலத்தில் எத்தனை இழை என்று எண்ணுவார்கள். பிக் கிளாஸ் என்று அதற்குப் பெயர். அதை ஒரு தடவை கண்ணில் வைத்துப் பார்த்தவர்கள் துணியைப் பழைய மாதிரி பார்க்க மாட்டார்கள். ஓரத்தில் ஓர் இழையைப் பிரித்துத் தீயில் காட்டுவார்கள். பட்டு என்றால் முடி கருகும் வாடை வரும், சாம்பல் விரலில் நொறுங்கும். பாலியஸ்டர் உருகிக் கறுப்பு மணியாகக் கெட்டிப்படும். உங்கள் மகளின் கேள்விக்கு முதல் பதில் இது.

இரண்டாவது பதில் கொஞ்சம் சிக்கல். கரையோரம் ஊசித்துளை இருந்தால் கைத்தறி என்று கடையில் சொல்வார்கள். நெய்யும்போது துணியை விரித்துப் பிடிக்கிற கோலின் முள் பட்ட துளை அது. ஆனால் விசைத்தறித் துணியிலும் துளை விழ வாய்ப்புண்டு. நெசவைப் பார்த்து வித்தியாசம் சொல்லப் பழகிய கண் வேண்டும். 1985-ம் ஆண்டுச் சட்டப்படி சேலை, வேட்டி உள்ளிட்ட 11 வகைத் துணிகளில் சில ரகங்கள் கைத்தறிக்கு மட்டும் ஒதுக்கப்பட்டவை. சில்க் மார்க் 2004-லும் கைத்தறி முத்திரை 2006-லும் வந்ததே போலி பெருத்துப்போனதால்தான். இதையெல்லாம் உள்ளே இருந்து தெரிந்துகொண்ட ஒரு பெண் கேமராவைக் கையில் எடுத்தால் அந்தப் படம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கூட்டிலிருந்து சேலை வரைக்கும் அவளுக்குத் தெரியாத இடம் எதுவும் இருக்காது. முதல் பாதியை உங்கள் வீட்டிலேயே படித்துவிட்டாள்.

கஷ்டமான பக்கத்தையும் அங்கே தெரிந்துகொள்வாள். கூட்டை வேகவைத்தால்தான் அறுபடாத நூல் வரும், உள்ளே புழு சாகும். புழுவைக் கொல்லாமல் எடுக்கும் அகிம்சைப் பட்டு என்று ஒன்று ஏன் வந்தது என்பதும் பாடம்தான். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை 2011-ல் உயர்நீதிமன்றம் மூடச் சொன்னது நொய்யல் ஆறு நாசமானதால். பங்களாதேஷில் 2013 ஏப்ரலில் ராணா பிளாசா இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் செத்த பிறகுதான் "என் சட்டையைத் தைத்தது யார்" என்று உலகம் கேட்க ஆரம்பித்தது. கல்யாணச் செலவுக்குக் கடைசியில் மொத்தமாகப் பணம் தருகிறோம் என்று சொல்லி, நூற்பாலைகளுக்குச் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் எப்படிப் பெண்களைக் கூட்டிப்போனார்கள் என்று உங்கள் ஊரிலேயே விசாரித்தால் தெரியும். அற ஆடை என்று ஒரு நிமிடப் படம் எடுக்கிறவருக்கு இவ்வளவும் வயிற்றில் இருக்க வேண்டும்.

படிப்பு முடிந்தால்? கோ-ஆப்டெக்ஸ், நெசவாளர் சேவை மையங்கள், கைத்தறித் துறைப் பணிகள், துணி ஏற்றுமதி நிறுவனங்களின் தரப் பிரிவு. மேலே படிக்க விருப்பமென்றால் டிப்ளமோ முடித்தவர்கள் பி.டெக். இரண்டாம் வருடத்தில் நேரடியாகச் சேரும் வழி இருக்கிறது. அப்புறம் படம் எடுப்பது. அது போனில் இன்றைக்கே நடக்கிறது. மூன்று வருடமும் சேலத்துத் தறிகளையும் நெசவாளர் வீடுகளையும் படம் பிடிக்கட்டும். சேலம் வெண்பட்டுக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது, கதைக்கா பஞ்சம்? பெங்களூர் வகுப்பறையில் வாடகை மாடலை நிறுத்தி எடுக்கும் புராஜெக்ட்டைவிட அந்தப் படத்தைத்தான் வேலை கொடுப்பவர் இரண்டாம் முறை பார்ப்பார்.

உங்கள் மச்சான் என்ன சொல்வார் என்று தெரியும். "பத்தாவது படிச்சவனே சேரலாமாமே, அதுக்கா பிளஸ் டூ படிச்சா? தறி நெய்யவா பொண்ண அனுப்பறீங்க?" ஆமாம், பத்தாவது தகுதி போதும். அதனால் படிப்பு மட்டம் ஆகிவிடாது. தறி என்றால் ஏன் முகம் சுளிக்கிறோம் என்று அவரே யோசிக்கட்டும். தறியில் நெய்த பட்டைத்தான் அவர் கல்யாணத்துக்கும் கட்டியிருப்பார். ஓசூரில் நண்பர்களிடம் சொல்லிக்கொள்ள பெங்களூர் என்ற பெயர் அவருக்கு வேண்டியிருக்கலாம். தவணை கட்டப்போவது அவர் இல்லை.

மத்திய அரசின் ஆடை வடிவமைப்பு நிறுவனமான நிஃப்ட் பற்றிக் கேட்டீர்கள். நல்ல இடம்தான், நுழைவுத்தேர்வு உண்டு. ஆனால் அங்கேயும் நான்கு வருடத்துக்குப் பத்து லட்சத்தைத் தாண்டும். கல்விச் சலுகையும் கடன் இல்லாத வழியும் கிடைத்தால் பேசலாம், இல்லையென்றால் வேண்டாம்.

ஒரு விஷயத்தில் நான் இறங்கி வர மாட்டேன். சேலத்தை நான் சொல்வதால் அவள் போகக் கூடாது. ஒரு நாள் கூட்டிப்போய் அந்த வளாகத்தைக் காட்டுங்கள், அனுமதி கேட்டுத் தறிக்கூடத்தில் ஒரு மணி நேரம் நிற்கவிடுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு அவள் துணியைப் பற்றிப் பேசினால் சேருங்கள். கேமராவைப் பற்றி மட்டும் பேசினால் சென்னைத் தரமணியில் அரசின் எம்.ஜி.ஆர். திரைப்படப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. ஒளிப்பதிவாளர்கள் பி.சி.ஸ்ரீராமும் விளம்பரப் படங்களிலிருந்து வந்த ராஜீவ் மேனனும் படித்த இடம், அதுவும் அரசுக் கட்டணம்தான். அதைப் பற்றி அப்போது உட்கார்ந்து பேசுவோம். இரண்டுமே பிடிக்கவில்லை என்றால் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். தோட்டம் அங்கேயேதான் இருக்கும்.

வருகிற வியாழக்கிழமை எனக்கு வேலை இல்லை. தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் காலை ஏழரைக்கு நிற்கிறேன், பாட்டி வருவதாக இருந்தால் அவர்களையும் கூட்டி வாருங்கள். மச்சானின் நம்பரை அனுப்புங்கள், நானே பேசிக்கொள்கிறேன். அதுவரை அந்த 50,000-ஐ மட்டும் கட்டிவிடாதீர்கள்.