மகளின் நெற்போல் உடுப்பைப் பற்றிச் சொந்தக்காரர் கதைக்கிறார்கள், விளையாட்டை நிறுத்திவிடவா?

உங்கள் கேள்வி நாலே வரி. மகளுக்கு 14 வயது, பாடசாலை நெற்போல் (வலைப்பந்தாட்ட) அணியில் எடுத்திருக்கிறார்கள், பாவாடை முழங்காலுக்கு மேலே நிற்கிறது, கோயிலில் கண்ட ஒருவர் "குமர்ப்பிள்ளையை இப்பிடியே விட்டிருக்கிறியள்?" என்று கேட்டுவிட்டார். அதனால் நிறுத்தலாமா என்று யோசிக்கிறீர்கள். சாமத்திய வீடு முடிந்து அதிக நாள் ஆகியிருக்காது என்று நினைக்கிறேன். நீங்கள் அதை எழுதவில்லை, ஆனால் இந்தக் கதைகள் எல்லாம் அதற்குப் பிறகுதான் தொடங்கும். 10 வயதில் அதே பிள்ளை அதே பாவாடையோடு ஓடியபோது அதே ஆள் கைதட்டியிருப்பார்.

நான் சுன்னாகத்துப் பக்கம் தையல் கடை வைத்திருக்கிறேன். பாடசாலை அணிகளுக்கும் தைக்கிறேன். "தன்ரை யாவாரத்துக்காகச் சொல்லுறா" என்று யாராவது எழுத முதல் சொல்லிவிடுகிறேன்: ஒரு சாறிச் சட்டை தைத்தால் மிஞ்சுவதில் பாதி கூட நெற்போல் பாவாடையில் மிஞ்சாது. மடிப்பு வைத்தே விரல் தேய்ந்துவிடும்.

சரி, என் கதை. 1994. எனக்கு 15 வயது. நான் ஜி.கே. (கோல் கீப்பர்), அதாவது எதிரணிக்காரி கூடையில் போடாமல் மறிக்கிறவள். கூடை வளையம் 10 அடி உயரத்தில். பந்து வைத்திருப்பவளிடமிருந்து 3 அடி தள்ளித்தான் நிற்கலாம், அவள் 3 விநாடிக்குள் எறிந்துவிட வேண்டும். அந்த 3 விநாடிக்குள் ஒற்றைக் காலில் எட்டிச் சாய்ந்து, கையை நீட்டி, எழும்பிப் பந்தைத் தட்ட வேண்டும். அந்த வேலையில் நான் கெட்டிக்காரி. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, வேறு எதிலும் அப்படி இருந்ததில்லை.

ஒரு போட்டிக்கு மாமி வந்தா, அப்பாவின் அக்கா. முழு ஆட்டத்தையும் பார்த்துவிட்டு, அன்றிரவு அம்மாவிடம் சொன்னது ஒரே வசனம்: "நாளைக்கு ஆர் கட்டுவினம்?" அவ்வளவுதான். அம்மா என்னோடு ஒன்றும் கதைக்கவில்லை. விளக்கு வெளிச்சத்தில் பாவாடையின் கீழ்மடிப்பை அவிழ்த்தா. அதுவும் போதாமல் வேறு துணியில் ஒரு சாண் அகலக் கரை வைத்துத் தைத்தா. மற்றவர்களுடையது மெரூன், என்னுடையது மெரூனும் கத்தரிப்பூவும். பாதிக் கெண்டைக்காலுக்கு இறங்கிவிட்டது.

அடுத்த ஆட்டத்தில் எழும்பினேன், முழங்கால் துணிக்குள் சிக்கியது, கிறவல் தரையில் கையை ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டு முறிந்தது. முறிவு வைத்தியரிடம் ஒரு மாதம் பத்துப் போட்டோம். பார்க்க வந்த சனமெல்லாம் "விளையாடப் போய்க் கையை முறிச்சுப்போட்டாள்" என்றார்கள். பாவாடை முறித்தது என்று ஒருவர் கூடச் சொல்லவில்லை. அம்மாவுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன், அந்தப் பாவாடையை அவ அதற்குப் பிறகு தோய்க்கவே இல்லை. கை சரியாகி நான் திரும்பப் போகவில்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு நாவற்குழிப் பக்கம் எல்லாச் சனத்தோடும் நடந்தபோது அந்தக் கையால் ஒரு பையைக் கூடப் பிடிக்க முடியவில்லை. அதற்குப் பிறகு நெற்போல் யாருக்கு நினைவு.

இன்னொன்று. அதே காலத்தில் எங்கள் ஒழுங்கையால் நீளக் காற்சட்டையும் சேட்டும் போட்ட பெண்கள் துப்பாக்கியோடு சைக்கிளில் போய் வந்தார்கள். அவர்களை ஆர் கட்டுவார் என்று மாமி கேட்டதில்லை. அந்த அரசியலை நான் இங்கே அவிழ்க்க வரவில்லை, தயவுசெய்து அதைப் பிடித்துக்கொண்டு பதில் எழுதாதீர்கள். உடுப்பைப் பற்றி மட்டும்தான் சொல்கிறேன்.

இப்போது நிலைமை மாறிவிட்டது என்பார்கள். மாறித்தான் இருக்கிறது. நெற்போல் வீராங்கனை தர்ஜினி சிவலிங்கம் எங்கள் ஊர்ப்பிள்ளை. 6 அடி 10 அங்குலம் என்றால் யாழ்ப்பாணத்துக் கலியாணத் தரகர் பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவார். அந்த உயரத்தோடுதான் 2018இல் இலங்கை சிங்கப்பூரில் ஆசியக் கிண்ணத்தை எடுத்தது. தெல்லிப்பளை மகாஜனாவில் படித்த அனித்தா ஜெகதீஸ்வரன் 2016 தேசிய விளையாட்டு விழாவில், நம்முடைய யாழ்ப்பாணம் துரையப்பா அரங்கிலேயே, கோலூன்றிப் பாய்தலில் தேசிய சாதனையைப் புதுப்பித்தார். அதைப் பாவாடையோடு பாயச் சொல்லிப் பாருங்கள். முல்லைத்தீவில் 72 வயது அம்மா ஒருவர் 2023இல் பிலிப்பைன்ஸ் போய் மூத்தோர் தடகளத்தில் தங்கம் எடுத்து வந்தார். மாலை போட எல்லாரும் நிற்கிறார்கள். மாலை விழும் வரைக்கும் இருக்கிற 10 வருடம்தான் பிரச்சினை.

வெளிநாட்டில் எல்லாம் சுதந்திரம் என்றும் நினைக்காதீர்கள். 2021இல் நோர்வேயின் கடற்கரைக் கைப்பந்து (ஹான்ட்போல்) அணிப் பெண்கள் சிறிய பிகினிக் கீழுடுப்பு வேண்டாம் என்று காற்சட்டை போட்டு ஆடியதற்கு 1,500 யூரோ தண்டம். இங்கே குறைவென்று குற்றம், அங்கே கூடவென்று குற்றம். விம்பிள்டனில் வெள்ளைப் பாவாடைக்குக் கீழே கடும் நிற உள்காற்சட்டை போட 2023இல்தான் பெண்களுக்கு அனுமதி கிடைத்தது. மாதவிடாய் நாளில் வெள்ளையோடு ஓடுவது என்ன பாடு என்று பாடசாலைச் சீருடை போட்ட எங்களிடம் முதலே கேட்டிருக்கலாம்.

உடுப்பு என்று வந்ததால் இன்னொரு எரிச்சலையும் இறக்கி வைக்கிறேன், உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லை. இரண்டு வருடத்துக்கு முன் ஜூக்கி தையல் மெஷின் இரண்டு வாங்க வங்கியில் கடன் கேட்டேன். எனக்குச் சீதனமாக வந்த 2 பரப்புக் காணி, உறுதி என் பெயரில். ஈடு வைக்கலாம் என்று போனால், கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டுமாம். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையோடு சேர்ந்த 1911ஆம் ஆண்டுச் சட்டம். மனுசன் கட்டாரில். போனில் "நீ உன்ரை காணியை என்னவும் செய்" என்று சிரிக்கிறார், ஆனால் சிரிப்பைக் கோப்பில் குத்த முடியாதே. தூதரகம், கடிதம், நொத்தாரிசு என்று 5 மாதம் போனது. அதற்குள் மெஷின் விலை ஏறிவிட்டது. மனுசன் மறுத்தால் நீதிமன்றம் போகலாம் என்று சட்டத்தரணி ஆறுதல் சொன்னார். தேசவழமையைத் தூக்கி எறியச் சொல்லவில்லை, அதில் பெண்ணுக்கு நல்லதும் இருக்கிறது. என் காணிக்கு என் கையெழுத்துப் போதாதா என்றுதான் கேட்கிறேன்.

சரி, உங்கள் மகள். நான் தைக்கும்போது பாவாடையை முழங்காலுக்கு 3 அங்குலம் மேலே வைத்து, அடியில் அதே நிறத்தில் முழங்கால் வரை இறுக்கமான உள்காற்சட்டை கொடுக்கிறேன். ஓடலாம், எழும்பலாம், துணி சிக்காது, பார்க்கிறவருக்கும் கதைக்க ஒன்றும் கிடைக்காது. பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு பிள்ளை என்னிடம் முகத்துக்கு நேரே சொன்னாள்: "அன்ரி, நீங்கள் ஊருக்குப் பயந்து தைக்கிறியள்." பாதி உண்மை. அவளுக்கு நான் சொன்ன பதில், நான் தைத்துக்கொடுத்தவர்களில் ஒருத்தியும் உடுப்பால் விளையாட்டை விடவில்லை என்பது. அவள் திருப்திப்படவில்லை. படத் தேவையுமில்லை.

ஆகவே நிறுத்தாதீர்கள். துணி எடுக்கப் போகும்போது கோயிலில் கதைத்தவரைக் கேட்காமல் மகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். பருத்தி வேண்டாம், வியர்வையில் ஒட்டும். கடும் நிறமாக எடுங்கள். அளவெடுக்கும்போது அவளை நிற்க வைத்து மட்டும் எடுக்காமல் ஒருக்கால் எட்டிச் சாயச் சொல்லியும் பாருங்கள். கீழ்மடிப்பில் 2 அங்குலம் உள்ளே விடச் சொல்லுங்கள். அடுத்த வருடம் வளர்ந்துவிடுவாள், புதிதாகத் தைக்க வேண்டியிருக்காது.