தீவிரவாதத் தாக்குதலுக்கு உள்ளாட்சி அமைப்பு எப்படித் தயாராக முடியும்?

உளவுத்துறை பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயத்தில் உள்ளாட்சிக்கு என்ன வேலை என்று கேட்டிருக்கிறீர்கள். தாக்குதலைத் தடுப்பது பெரும்பாலும் தேசிய அமைப்புகளின் பொறுப்புதான். ஆனால் குண்டு வெடித்த முதல் அரை மணி நேரத்தில் அங்கே நிற்பது உள்ளூர் போலீஸும் தீயணைப்பு வீரர்களும் ஆம்புலன்ஸும்தான்.

2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கில், விமானம் மோதிய உலக வர்த்தக மையக் கோபுரம் சரியப்போகிறது என்று போலீஸ் ஹெலிகாப்டர் எச்சரித்தது. தீயணைப்புத் துறையின் ரேடியோ தனி என்பதால், உள்ளே இருந்த பலருக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. அன்று தீயணைப்புத் துறையினர் 343 பேர் இறந்தார்கள். அதன்பிறகு அமெரிக்க அரசு நகரங்களுக்கு நிறைய நிதி கொடுத்தது. நிதி வந்தால் முதலில் கவச வண்டி வாங்கத்தான் கை நீளும். படம் எடுக்க நன்றாக இருக்கும், வேறென்ன! என்னைக் கேட்டால், அந்தப் பணம் ஒத்திகைக்குப் போகவேண்டும்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தைப் பாருங்கள். 2013 மாரத்தான் குண்டுவெடிப்பில் சம்பவ இடத்திலேயே 3 பேர் இறந்தார்கள், 260-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். மருத்துவமனைக்கு உயிரோடு போய்ச் சேர்ந்த அனைவரும் பிழைத்தார்கள். பந்தயத்துக்கென்று மருத்துவக் குழு அங்கேயே இருந்தது அதிர்ஷ்டம். ஆனால் காயம்பட்டவர்களை ஒரே இடத்தில் குவிக்காமல் பல மருத்துவமனைகளுக்குப் பிரித்து அனுப்பியது ஒத்திகையில் வந்த பழக்கம்.

சரி, சிறிய ஊர் என்றால்? பக்கத்து ஊர்களோடு உதவி ஒப்பந்தம், களத்தில் யார் தலைமை என்ற தெளிவு, ரத்தப்போக்கை நிறுத்தும் பயிற்சி. அப்புறம், பத்திரிகைகளிடம் பேசப்போவது யார் என்பதையும் இப்போதே எழுதி வைத்துவிடுங்கள்.