தையல் மிஷின் சத்தம் இடைஞ்சலா?

கேள்வி: பத்தாம் வகுப்பு மாணவர்கள் 38 பேருக்கு மாலையில் ஆன்லைனில் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். ஒன்றரை மணி நேர வகுப்பு. பத்து நிமிடத்தில் எல்லோரும் கேமராவை அணைத்துவிடுகிறார்கள். கேள்வி கேட்டால் பதிலே வருவதில்லை. வண்ணப் படங்கள், வினாடி வினா, பரிசு எல்லாம் செய்து பார்த்துவிட்டேன். கேமரா இல்லையென்றால் வருகைப் பதிவு கிடையாது என்றும் சொல்லிவிட்டேன். ஒரு மாணவி வீட்டில் ஓயாமல் தையல் மிஷின் சத்தம் கேட்பதால், அதைச் சொல்லி எல்லோருடைய மைக்கையும் நானே மூடிவிடுகிறேன். பிள்ளைகளைக் கவனிக்க வைக்க என்ன வழி?
ஓர் ஆசிரியை, ஈரோடு

பதில்: போகிற போக்கில் ஒரு தையல் மிஷினைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். நான் பிடித்துக்கொள்வது அதைத்தான். அந்தச் சத்தம் உங்கள் காதில் விழுந்ததென்றால், அந்தப் பெண் மைக்கைத் திறந்திருந்தாள். பேச வந்தவள் அவள். அவள் வாயையும் சேர்த்து அடைத்துவிட்டு, பதிலே வருவதில்லை என்று எனக்குக் கடிதம் எழுதுகிறீர்களே, டீச்சர்!

உங்களுக்கு மாதாமாதம் வரும் ஃபீஸ் அந்த மிஷினிலிருந்துதான் வருகிறது. பெற்றவர்கள் உழைக்கும் சத்தத்தை 37 பிள்ளைகள் முன்னால் இடைஞ்சல் என்று சொன்னால், அவள் மைக்கை மட்டுமா மூடுவாள்? ‘நிறுத்தும்மா அதை’ என்று வீட்டில் எரிந்து விழுவாள். பெற்றவர் உழைப்பை நினைத்துப் பிள்ளை கூசும்படி செய்யும் எந்தப் படிப்பையும் நான் படிப்பாக மதிப்பதில்லை.

நாளை வகுப்புக்கு முன் அந்த வீட்டுக்குப் போன் செய்து வருத்தம் தெரிவியுங்கள். பிறகு அளவியல் பாடத்தை அங்கிருந்து தொடங்குங்கள். குடைப் பாவாடை வெட்டுகிறவர் துணியை நான்காக மடித்து, மடிப்பு மூலையில் டேப்பை ஊன்றி, கால் வட்டம் போடுவார். இடுப்பளவு 66 செ.மீ. என்றால் அந்த வட்டத்தின் ஆரம் 10.5 செ.மீ. எப்படி வந்தது? பாவாடையின் நீளம் 59.5 செ.மீ. என்றால் கீழ் விளிம்பைச் சுற்றித் தைக்க எவ்வளவு பார்டர் வாங்க வேண்டும்? 4.4 மீட்டர் என்று அவள் சொல்லட்டும். வீட்டில் கேட்டுவிட்டு வந்து சொன்னாலும் சரி.

கேள்வி கேட்டபின் எவ்வளவு நேரம் பொறுக்கிறீர்கள்? மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970-களில் ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். மூன்று நொடி பொறுத்தபோது பதில்கள் நீண்டன. ‘தெரியாது’ என்பது குறைந்தது. அது நேரில் நடந்த வகுப்பு. போனில் மைக்கைத் திறக்கவே சில நொடிகள் ஆகும். மனதுக்குள் பத்து எண்ணுங்கள். அந்த மௌனத்தை நீங்களே பேசி நிரப்பாதீர்கள்.

கேமரா மிரட்டலை இன்றே விட்டுவிடுங்கள். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக மாணவர்களிடம் நடத்தி 2021-இல் வெளியிட்ட ஆய்விலேயே, கேமராவை அணைக்கப் பலர் சொன்ன காரணம் தங்கள் தோற்றம் பற்றிய கூச்சம். பின்னால் தெரியும் வீடும் ஆட்களும்கூட அவர்களை உறுத்தியிருக்கிறார்கள். ஒரே அறை உள்ள வீட்டில், பின்னால் அப்பா பனியனோடு படுத்திருக்க, பதினைந்து வயதுப் பெண் எப்படிக் கேமராவைப் போடுவாள்? உங்களுக்கு வேண்டியது அவள் நோட்டு. கணக்கைப் போட்டதும் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பட்டும். தவறான ஒன்றைப் பெயர் தெரியாமல் திரையில் காட்டி, எந்த வரியில் சறுக்கியது என்று எல்லோரையும் தேட வையுங்கள்.

பெற்றோரையும் நான் விடமாட்டேன். தையல் பிழைப்பு, அதை நிறுத்த முடியாது. சீரியலை நிறுத்தலாம். வகுப்பு நேரத்தில் டிவியை அணைப்பதும் போனைப் பிள்ளையிடமே விட்டுவைப்பதும் அவர்கள் கடமை. இதை ஒவ்வொரு வீட்டுக்கும் நீங்களே போன் செய்து சொல்லுங்கள். குழுவில் செய்தி தட்டிவிட்டால் போதாது.

கடைசியாக, ஒன்றரை மணி நேரம் எதற்கு? ஆன்லைன் வகுப்புகளுக்காக 2020-இல் மத்திய அரசு வெளியிட்ட ‘பிரக்யாதா’ வழிகாட்டுதல், 9 முதல் 12 வரையுள்ள வகுப்புகளுக்கே ஓர் அமர்வு 30 முதல் 45 நிமிடம் என்றுதான் சொன்னது. உங்கள் பிள்ளைகளோ பகலெல்லாம் பள்ளியில் இருந்துவிட்டு வருகிறவர்கள். இரண்டு பிரிவாக்கி, 19 பேருக்கு முக்கால் மணி நேரம் எடுங்கள். மொத்தத்தில் உங்களுக்கு அதே ஒன்றரை மணி நேரம்தான் ஆகும். 19 பேரின் மைக்கைத் திறந்துவைத்துச் சமாளிக்க முடியாதென்றால் மூன்று பிரிவாக்குங்கள், அரை மணி நேரம் எடுங்கள்.