13 செவ்வாய் முடிந்தும் மேனேஜர் மாறவில்லையே!

கேள்வி: திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் பனியன் கம்பெனியில் சரக்கின் தரம் பார்க்கிற கியூசியாக இருக்கிறேன். வயது 34. அமெரிக்கா வரியை ஏற்றியதிலிருந்து ஆர்டர் குறைந்துவிட்டது. புதிதாக வந்த மேனேஜர் எல்லார் முன்னாலும் கத்துகிறார். ஃபெயில் ஆன லாட்டை பாஸ் என்று எழுதச் சொல்லி இரண்டு தடவை கையெழுத்தும் வாங்கிவிட்டார். அந்தோனியாருக்கு 13 செவ்வாய் வேண்டுதல் இருந்தேன். கருமத்தம்பட்டி ஜெபமாலை மாதா கோயிலுக்கும் போய் அழுதுவிட்டு வந்தேன். ஒன்றும் மாறவில்லை. "ஜெபமாலை உருட்டினா கம்பெனி ஓடுமா?" என்கிறார் வீட்டுக்காரர். ராத்திரி தூக்கமில்லை. பூசையில் நன்மை (நற்கருணை) வாங்கவும் மனசு கூசுகிறது. என் விசுவாசம்தான் போதவில்லையா? வேண்டிக்கொண்டே பொறுத்துப் போவதா, வேலையை விட்டுவிடுவதா?

பதில்: அம்மிணி, விசுவாசம் போதவில்லையோ என்ற நினைப்பை முதலில் இறக்கி வையுங்கள். கெத்சமனித் தோட்டத்தில் இயேசுவே துன்பக் கிண்ணம் தன்னைவிட்டு அகல வேண்டும் என்றுதான் கேட்டார். அகலவில்லை. அவருடைய விசுவாசத்தை யாராவது குறை சொல்வோமா? ஆனால் ஜெபம் முடிந்து எழுந்தவர் ஓடி ஒளியவில்லை. பிடிக்க வந்தவர்களுக்கு எதிரே தானே நடந்து போனார். நீங்கள் 13 செவ்வாயும் மேனேஜர் மாற வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்டது தப்பில்லை. இனி, அவர் மாறாவிட்டாலும் அவர் முன்னால் நிற்கிற தெம்பு வேண்டும் என்று கேளுங்கள்.

பைபிளில் நெகேமியா என்று ஒருவர் வருகிறார். பாரசீக அரசரின் அரண்மனையில் வேலை. ஒருநாள் அரசர், "உனக்கு என்ன வேண்டும்?" என்று நேராகக் கேட்டுவிடுகிறார். அந்தக் கேள்விக்கும் தன் பதிலுக்கும் நடுவில் நெகேமியா கடவுளை வேண்டிக்கொண்டார் என்று எழுதியிருக்கிறது. முழங்காலிடவில்லை, மெழுகுவர்த்தி ஏற்றவில்லை. ஒரு மூச்சு நேரம்தான். நம் பாட்டிமார் மனவல்லிய செபம் என்று சொல்லிக்கொடுத்தது இதைத்தான். மேனேஜர் கத்தும்போது 53 மணி ஜெபமாலை சொல்ல முடியாது. "ஆண்டவரே, கூட இரும்" என்று உள்ளுக்குள் சொல்ல முடியும். சொல்லிவிட்டு வாயைத் திறக்க வேண்டும். அதே நெகேமியா எருசலேம் மதிலைக் கட்டும்போது எதிரிகள் மிரட்டினார்கள். கடவுளை வேண்டினோம், இரவும் பகலும் காவலும் வைத்தோம் என்கிறது 4ஆம் அதிகாரம். நீங்கள் வேண்டியிருக்கிறீர்கள், இன்னும் காவல் வைக்கவில்லை.

என்ன காவல்? உங்கள் வேலைக்குள்ளேயே இருக்கிறது. 3,000 பீஸ் லாட் என்றால் எத்தனை குறை வரை ஏற்கலாம் என்று சொல்லும் வழக்கமான ஏக்யூஎல் 2.5 கணக்கில் 125 பீஸ் எடுத்துப் பார்ப்பீர்கள். பெரிய குறை 7 வரை வந்தால் பாஸ், 8 வந்தால் ஃபெயில். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த எட்டாவது பீஸை, அது ஓட்டையோ தையல் விட்டதோ எண்ணெய்க் கறையோ, உள்ளபடி எழுதிவிடுங்கள். எழுதிய ரிப்போர்ட்டை அன்றைக்கே மெயிலில் அனுப்புங்கள். லாட் நம்பரும் குறை எண்ணிக்கையும் சொந்த நோட்டில் இருக்கட்டும். "அனுப்பியே ஆகணும்" என்று அவர் நின்றால், "அது உங்க முடிவுங்க சார், கீழே நீங்களே ரிலீஸ்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. இல்லைன்னா நைட் ஷிஃப்ட்ல முழுசா மறுபடி செக்கிங் போட்டுரலாம்" என்று சொல்லுங்கள். குரலை உயர்த்த வேண்டாம். நம்ம ஊர் 'ங்க' போட்டே உறுதியாகப் பேசலாம்.

பொறுத்துப்போவதுதான் கத்தோலிக்கப் புண்ணியம் என்று உங்களுக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் போல. திருத்தந்தை 13ஆம் லியோ 1891இல் தொழிலாளர்களைப் பற்றி எழுதிய சுற்றுமடல், தொழிலாளியை அடிமை போல நடத்தக் கூடாது, அவருடைய மாண்பை மதிக்க வேண்டும் என்று முதலாளிகளுக்குச் சொல்கிறது. உங்களைப் பத்துப் பேர் முன்னால் கேவலப்படுத்த மேனேஜருக்கு உரிமை இல்லை. அந்த மேனேஜருக்காகவும் ஒரு 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லுங்கள். 2025 ஆகஸ்ட் 27இலிருந்து 50 சதவீத வரி விழுந்தபோது அவர் தலையிலும் பாரம் ஏறித்தான் இருக்கும். அவருக்காக வேண்டுவது வேறு, அவர் சொன்ன பொய்யை எழுதுவது வேறு.

போட்டுவிட்ட இரண்டு கையெழுத்துக்குப் பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) செய்யுங்கள். பயந்து போட்டதைப் பயந்து போட்டேன் என்றே சொல்லுங்கள். அந்தப் பயத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளத் தெரிந்தவர்தான் கேட்கிறார். நன்மை வாங்காமல் ஒதுங்கி நின்று உங்களை நீங்களே தண்டித்துக்கொண்டது போதும்.

தூக்கம் வராதது எத்தனை நாளாக என்று எழுதவில்லை. வாரக்கணக்கில் என்றால் டாக்டரைப் பாருங்கள், தயக்கமாக இருந்தால் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்கு முதலில் பேசுங்கள், கட்டணம் இல்லை. ஜெபம் செய்கிறவர்கள் மருந்து கேட்டால் அவிசுவாசம் என்று யாராவது சொன்னால், நம் கத்தோலிக்க பைபிளில் சீராக் 38ஆம் அதிகாரத்தைத் திறந்து காட்டுங்கள். நோயில் ஆண்டவரை வேண்டு, மருத்துவருக்கும் இடம் கொடு என்று அடுத்தடுத்தே எழுதியிருக்கிறது.

வேலையை இன்றைக்கே விட வேண்டாம். வேறு இடம் தேட ஆரம்பியுங்கள். கண்டிப்பான கியூசி என்று பெயர் வாங்கியவரைத் தேடுகிற கம்பெனிகள் திருப்பூரில் உண்டு, ஆர்டர் மந்தமாக இருப்பதால் கொஞ்சம் நாளாகலாம். மூன்றாவது கையெழுத்துக்கு வற்புறுத்தி, மேலிடத்தில் சொல்லியும் யாரும் கேட்கவில்லை என்றால் வெளியே வந்துவிடுங்கள்.

வீட்டுக்காரரிடம் அந்த இரண்டு கையெழுத்து விஷயத்தைச் சொன்னீர்களா? கடிதத்தில் அது இல்லை. நீங்கள் ராத்திரி ஜெபமாலையோடு உட்கார்ந்திருப்பது அவருக்குத் தெரிகிறது, ஏன் என்று தெரியாமல்தான் அப்படிப் பேசுகிறார் என்று எனக்குப் படுகிறது. இந்த ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் முழுக்கச் சொல்லிவிடுங்கள். உங்கள் சம்பளம் நின்றால் வாடகை, பிள்ளைகள் ஃபீஸ், சீட்டுப் பணம் எல்லாம் எத்தனை மாதம் தாங்கும் என்று ஒரு தாளில் இரண்டு பேரும் சேர்ந்து எழுதிப் பாருங்கள்.